கட் ஆகாத அழைப்பு

“நீங்க இல்லாத வீடு எவ்வளவு சுத்தமா இருக்கு தெரியுமா? ஈரத் துண்டு ஒண்ணுகூடக் கட்டில் மேல கிடக்கல!” ஸ்பீக்கரில் மனைவி சிரித்தாள்.

மீட்டிங் அறையும் சேர்ந்து சிரித்தது. மேஜை நடுவில் போனை வைத்துத் தன் மானத்தைத் தானே ஏலம் விட்டுக்கொண்டிருந்தவனுக்கு ஆபீசில் ‘புரோட்டோகால்’ என்று பெயர். போனும் போனும் எப்படிப் பேசிக்கொள்ள வேண்டும் என்கிற விதிமுறைதான் புரோட்டோகால்; கல்யாண வீட்டில்கூட அதைப் பற்றியே பேசுகிறவனுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்?

அவன் வேலை பார்ப்பது போன் பேசும் செயலி தயாரிக்கிற கம்பெனியில். தூரத்து ஊரில் இருக்கும் குடும்பத்தோடு தினமும் காலையில் அதே செயலியில்தான் பேச்சு. மகளைப் பள்ளிக்கு அழைத்துக்கொண்டு மனைவி இரும்பு கேட்டைத் தாண்டுவாள். வீட்டு வைஃபை கைவிடும், போன் மொபைல் டேட்டாவுக்குத் தாவும், அந்தத் தாவலில் அழைப்பு செத்துப்போகும். ஊரையே இணைக்கும் செயலி, செய்தவன் வீட்டு வாசலைத் தாண்டாது.

திரும்பக் கூப்பிட்டால் மனைவி எடுக்க மாட்டாள். “ரோட்ல நடக்கிறப்போ போன் பேசக் கூடாதுங்க,” என்பாள். சாலைப் பாதுகாப்பில் அவளுக்கு அவ்வளவு அக்கறை.

அந்த அவமானத்தில்தான் புது புரோட்டோகாலைக் கையில் எடுத்தான். பழையது, வாசல் மாற்றி வந்தால் “யாருய்யா நீ?” என்று கேட்கிற காவலாளி மாதிரி. புதியது, எந்த வழியாக வந்தாலும் ஆளை அடையாளம் கண்டுகொள்ளும். நெட்வொர்க் மாறினாலும் இணைப்பு அறாது.

மனைவியின் போனில் புது புரோட்டோகால் வைத்த செயலி நேற்றே தானாக ஏறிவிட்டது. அவளிடம் சொல்லவில்லை, ஆச்சரியப்படுத்த வேண்டுமாம். ஸ்பீக்கரில் போட்டு ஆபீசே கேட்பதையும் சொல்லவில்லை. விஞ்ஞானத்துக்காக என்ன வேண்டுமானாலும் செய்யலாம்.

எதிரே மேனேஜர். இன்னும் ஒரு வருஷம் இங்கேயே இருப்பதா, ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொள்வதா என்று இன்றைக்கு அவரிடம் சொல்லியாக வேண்டும். “வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுடுங்க. அப்புறம் பழி என் மேல வரக் கூடாது,” என்று கிசுகிசுத்தார்.

“ஏம்மா, இன்னும் ஒரு வருஷம் இங்கேயே இருக்கச் சொல்றாங்க...”

“தாராளமா இருங்க! இப்பதான் உங்க அலமாரியில பாதியைப் பிடிச்சிருக்கேன். மீதியையும் பிடிக்க வேணாமா?”

“அப்பா, வந்துடாதீங்க!” மகள் நடுவில் புகுந்தாள். “டிவி ரிமோட் இப்ப என்கிட்டதான் இருக்கு!”

செயலியைச் சோதித்துப் பார்க்கும் டெஸ்டர் பெண் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “பாவம் சார் நீங்க. வீட்டுல வைஃபைக்கு இருக்கிற மரியாதைகூட உங்களுக்கு இல்ல.”

அவனும் சிரித்தான், கொஞ்சம் தாமதமாக. இவ்வளவு சந்தோஷமாக இருக்கிறவர்களை எதற்குப் போய்க் கெடுப்பானேன்? ‘இங்கேயே இருக்கிறேன்’ என்று மேனேஜரைப் பார்த்துத் தலையாட்டினான்.

“சரிங்க, கேட் வந்துடுச்சு. இதோ கட் ஆயிடும். நேரத்துக்குச் சாப்பிடுங்க!” கேட் கிறீச்சிட்டது. போன் கைப்பைக்குள் விழும் சத்தம் கேட்டது.

அறை மூச்சைப் பிடித்துக்கொண்டது. லேப்டாப் திரையில் வைஃபை போய் மொபைல் டேட்டா வந்தது. அழைப்பு அசையவில்லை. ஒரு ஸ்கூட்டர் கடந்துபோனது, இரண்டு ஜோடிச் செருப்புகள் நடந்தன. எல்லாம் பக்கத்து அறையில் நடப்பதுபோல் அத்தனை துல்லியம்.

மேனேஜர் கைதட்டப் போனார். புரோட்டோகால் உதட்டில் விரலை வைத்துத் தடுத்தான். மாதக்கணக்கில் உழைத்தவனுக்குத் தன் வெற்றியை இன்னும் கொஞ்ச நேரம் காதால் கேட்க ஆசை இருக்காதா?

கேட்டது. மகளின் குரல், ஒரு எழுத்துகூடச் சிதறாமல்.

“அம்மா, போன் கட் ஆயிருக்கும். இப்ப அழலாமா?”