நடந்தால் எரியும் விளக்கு

"எம்பொண்ணு படிக்க வர்றாளா, இல்ல உங்க பள்ளிக்கூடத்துக்கு விளக்கேத்த வர்றாளா?"

தலைமையாசிரியையின் மேசைக்கு முன்னால் நின்று அந்த அம்மா கேட்ட கேள்வியில் வராந்தாவே திரும்பிப் பார்த்தது. தையல் கம்பெனி சூப்பர்வைசரிடம் கெஞ்சிக் கூத்தாடி அரைநாள் லீவு வாங்கி வந்திருந்தாள்.

முந்தின நாள், மகள் மறந்துவிட்டுப் போன சாப்பாட்டு டப்பாவைக் கொடுக்க வந்தவள், ஜன்னல் வழியாக அதைப் பார்த்தாள். வகுப்பே தலை குனிந்து எழுதிக்கொண்டிருக்கிறது. திடீரென்று விளக்கு அணைகிறது. "ஏய் பம்பரம், விளக்கு!" என்று ஒரு குரல். மகள் துள்ளி எழுந்து பெஞ்சுகளுக்கு நடுவே போகிறாள், வருகிறாள். விளக்கு எரிகிறது. மற்றவர்கள் எழுதுகிறார்கள். அவள் நடந்துகொண்டே இருக்கிறாள்.

"உக்காருங்கம்மா" என்றார் தலைமையாசிரியை. "கரண்ட் பில்லைக் குறைக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு. எல்லா ரூமுக்கும் சென்சார் மாட்டியாச்சு. ஆள் நடமாட்டம் இருந்தா எரியும், இல்லன்னா அணைஞ்சிடும். பக்கத்துக் கட்டடம் ஒட்டி நிக்கிறதால பகல்லயே இருட்டு. புள்ளைங்க அடக்கமா உக்காந்து எழுதினா, போச்சு! யாராவது ஒருத்தர் எழுந்து நடக்கணும். எல்லா வகுப்புலயும் முறை வெச்சு நடக்குறாங்க."

"முறை வெச்சு! அப்போ இந்த வகுப்புல மட்டும் தினம் எம்பொண்ணு ஏன்? கேக்க நாதியில்லன்னா?"

சுவரோரமாக நின்ற வகுப்பு டீச்சர் கையிலிருந்த சாக்பீஸ் தூளைத் தட்டிக்கொண்டாள்.

"பதில் சொல்லுங்க டீச்சர்" என்றார் தலைமையாசிரியை.

டீச்சர் அவரை ஒரு தடவை பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

"தப்புதாம்மா."

இது மகளுக்கு மூன்றாவது பள்ளிக்கூடம். 'கை காலை வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்கத் தெரியாத பிள்ளை' என்று முந்தின இரண்டிலும் அனுப்பிவிட்டார்கள். இதை விட்டால் நடந்து போகிற தூரத்தில் வேறு பள்ளிக்கூடம் கிடையாது. சேர்க்கும்போதே தலைமையாசிரியை, "இங்கயும் ஆட்டம் போட்டா சர்டிபிகேட்டைக் கையில குடுத்துடுவேன்" என்றிருந்தார். ஆனால் இந்த வருஷம் ஒரு புகார்கூட வரவில்லை. பிள்ளை ஒருவழியாக அடங்கிவிட்டாள் என்று அந்த அம்மா நினைத்திருந்தாள். அடங்கின பிள்ளைக்கு இவர்கள் கொடுத்த வேலை இது!

நேற்று ராத்திரி கேட்டதற்கு மகள் முகமெல்லாம் பூரிப்பாகச் சொன்னாள்: "நான் நடந்தாத்தாம்மா எல்லாரும் எழுத முடியும்." அந்தப் பூரிப்பைத்தான் தாங்க முடியவில்லை.

"இனிமே உங்க பொண்ணு இடத்தை விட்டு எழுந்திரிக்க மாட்டா. நானே நேர்ல பாத்துக்கறேன். போதுமா?" என்றார் தலைமையாசிரியை. புகார் மேலே போய்விடக் கூடாதே என்ற கவலை அவருக்கு.

"போதும்."

வாசல் கேட் வரைக்கும் டீச்சர் மூச்சிரைக்கப் பின்னாலேயே வந்தாள்.

"அம்மா, ஒரு நிமிஷம். அங்க வெச்சு என்னால சொல்ல முடியல..."

"உங்க மன்னிப்பு எனக்கு வேணாம் டீச்சர். உங்க பொண்ணா இருந்தா நடக்க விட்டிருப்பீங்களா?"

அந்த அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. நியாயம் என்று ஒன்றைக் கேட்டு, அது கிடைத்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

அந்த மாதம் முடிவதற்குள் பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள்.

"பெஞ்சை ஆட்டுறா. பக்கத்துப் பொண்ணு நோட்டைக் கிழிக்கிறா. மேசைக்கு அடியில பூந்துக்கறா" என்றார் தலைமையாசிரியை. கோபமே இல்லாத குரல். "நீங்க சொன்னபடி எழுந்திரிக்கவே விடல, விளக்குக்கு வேற புள்ளைங்கதான் நடந்தாங்க. தினம் ஜன்னலண்ட நின்னு பாத்தேன். அவளால முடியலம்மா. நாங்களும் மத்த புள்ளைங்களைப் பாக்கணும்ல?"

அந்த அம்மா அழுதாள். காலில் விழாத குறை. சர்டிபிகேட் கைக்கு வந்துவிட்டது.

மகளை வராந்தாவில் உட்கார வைத்துவிட்டுப் பையை எடுக்க வகுப்புக்குப் போனாள். பிள்ளைகளெல்லாம் விளையாடப் போயிருந்தார்கள். பையை எடுத்தாள். மகளின் இடத்தில் அப்படியே கல்லாக உட்கார்ந்துவிட்டாள். இனி எங்கே கொண்டு போய்ச் சேர்ப்பது?

எவ்வளவு நேரமோ. நிமிர்ந்தபோதுதான் கவனித்தாள். விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருந்து பார்த்தாள். அப்போதும் எரிந்தது.

வாசலில் டீச்சர் நின்றிருந்தாள்.

"இந்த ரூம்ல அந்தச் சென்சார் மாட்டின மாசமே கெட்டுப்போச்சும்மா. நான் யாருகிட்டயும் சொல்லல." கரும்பலகைக்குப் பக்கத்திலிருந்த பழைய சுவிட்சைத் தொட்டாள். அறை இருண்டது. "அவளுக்கு உக்கார முடியாம உடம்பு தவிக்கிறப்ப நான்தான் அணைப்பேன். நடக்க ஆரம்பிச்சதும் போட்டுடுவேன். நல்லா நடந்துட்டு வந்து உக்காந்தா, அரைமணி நேரம் ஒழுங்கா எழுதுவா."

"மத்த புள்ளைங்க... பாத்துச் சிரிச்சிருக்குமே டீச்சர்?" என்று கேட்டாள் அந்த அம்மா.

"எல்லாருக்கும் தெரியும்மா. அணைக்கறதுக்கு நான் மறந்துட்டா அதுங்கதான் எனக்கு ஜாடை காட்டும். இத்தனை மாசத்துல உங்க பொண்ணுகிட்ட மட்டும் ஒருத்தரும் வாயைத் திறக்கல."