துரோகி என்ற வார்த்தை

விடுமுறையில் நகரிக்கு வந்திருந்த விமானி தரணிக்கு, அவளுடைய சங்கச் செயலாளர் சுதீரிடமிருந்து போன் வந்தது.

"வெளிநாட்டு கம்பெனி ஒண்ணுல பைலட்டுங்க ஸ்டிரைக். அவங்க விமானத்தை ஓட்ட நம்மளக் கூப்பிடறாங்க. நாளைக்கே திருப்பதியிலேர்ந்து கிளம்பிடும்மா."

"ஸ்டிரைக்கை உடைக்கவா? சங்கத்துக்காரர் நீங்களே இப்படிக் கேக்கலாமா சார்?"

"நம்ம சங்கமே சம்மதிச்சிடுச்சு."

"அப்போ சங்கத்துலேர்ந்து என் பேரை எடுத்துடுங்க!" தரணி போனைக் கட்டிலில் எறிந்தாள்.

அப்பா கன்னையா நெகிழ்ந்துபோனார். "போன வருசம் நீங்க ஸ்டிரைக் பண்ணிக்கினு இருந்தப்ப, இப்ப ஸ்டிரைக் பண்ற அந்த பைலட்டுங்க ரொம்ப ஒத்தாசையா இருந்தாங்களாம்மா?"

"ஒத்தாசையா? எங்க விமானத்தை ஓட்டி, எங்க ஸ்டிரைக்கை உடைச்சதே அவங்கதான் நைனா!"

கன்னையா திகைத்தார். "அவங்களுக்காகவா இவ்ளோ கோவம்? போய்ப் பழி தீத்துக்கினு வர வேண்டியதுதானே?"

"ஏர்போர்ட் வாசல்ல நின்னு அவங்களைத் துரோகின்னு தொண்டை கிழியக் கத்தினேன். இப்ப நானும் போனா, அந்த வார்த்தை எம்மேலயும்தானே ஒட்டும்?"

போன் மறுபடியும் அடித்தது. இந்த முறை கன்னையாவே எடுத்தார்.

"எம் பொண்ணு வரமாட்டா சார். நீங்களும் வேற யாரையும் அனுப்பாதீங்க!"