பொங்கி முடிந்த பிறகு

திருவனந்தபுரத்தில் தெரு நெடுக அடுப்புக் கூட்டி, பெண்கள் அம்மனுக்குப் பொங்காலையிட்டு முடித்திருந்தார்கள். ஸ்ரீலேகா தன் ஃபோனை அடுப்புச் செங்கல் பக்கத்தில் வைத்துவிட்டு, வருகிறவர்களுக்கெல்லாம் பாயசம் அள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"இதெல்லாம் ஒரு பொங்காலையா? மீன்கறியில குடம்புளிக்குப் பதிலா தக்காளி போட்டு வீடியோ எடுத்தா ஒருத்தி. அவ பக்கத்துல நேத்து நாங்க போட்டதுதான் பொங்காலை! பத்தாயிரம் பேர் வந்தாங்க" என்றது ஃபோன்.

கரி படிந்த செங்கல் பூரித்துப்போனது. "பத்தாயிரம் பானையா! பச்சரிசியா, பயறா?"

"அரிசியும் இல்ல, பயறும் இல்ல. எல்லாம் அவ ஃபேஸ்புக் பக்கத்துல போய்க் கொட்டின திட்டு. இப்பல்லாம் பொங்காலைன்னா அதுதான். நீ இன்னும் பழைய அர்த்தத்தையே கட்டிக்கிட்டு அழு."

"நான் பாக்காத சூடா மக்கா? பொங்கட்டும். பொங்கினதைக் கடைசியில யாரு சாப்பிட்டா?"

"யாரும் சாப்பிடல. அவ அழுதுக்கிட்டே பக்கத்தை மூடிட்டுப் போயிட்டா."

அதற்குள் மாநகராட்சி லாரி வந்து நின்றது. செங்கற்களைப் பொறுக்கி ஏற்றினார்கள்.

"எங்க போற?" என்றது ஃபோன்.

"வீடில்லாதவங்களுக்கு வீடு கட்ட. எங்க பொங்காலை அங்கதான் போய் முடியும். உங்களோடது?"

ஃபோன் வாயைத் திறப்பதற்குள் அதன் உடம்பு அதிர்ந்தது. அடுத்து இன்னொருத்தி பக்கத்தில் பொங்காலை போட ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.