கரையாத குருணை

“அது கூடு தம்பி, வெறும் கூடு! உள்ளுக்கு ஒண்டுமில்ல. உரமெல்லாம் எப்பவோ வேருக்குப் போயிட்டு” என்று உரக்கடை அரூஸ் நானா ஃபோனுக்குள் விழுந்து விழுந்து சிரித்தார்.

எனக்கு மானம் போயிற்று. நான்கு நாளாக அந்தக் கூடுகளைத்தான் ஒவ்வொன்றாக நசுக்கிக்கொண்டிருந்தேன்.

பல்லேகல மைதானத்துக்குப் பின்னால் எங்களுக்கு அரை ஏக்கர் குத்தகை நிலம். முழுக்க வத்தகைக் கொடி, தர்ப்பூசணி. நடும்போது ஒரே ஒரு தடவை போட்டால் போதும், மூன்று மாதத்துக்கு மெல்ல மெல்லக் கசிந்து கொடியை வளர்க்கும் என்று சொல்லி, அக்குறணைக் கடையில் அவர்தான் அந்த உரத்தைத் தந்தார். பயறு அளவு மஞ்சள் குருணை.

“பத்து நாளைக்கு ஒருக்கா யூரியா போடாம வத்தகப்பழமா? வெளங்கிரும்!” என்றாள் என் மனைவி துஷானி.

வீம்புக்கு அதையே போட்டேன். இந்தப் போகம் தவறினால் திரும்பவும் கத்தார்தான் என்றும் வாயை விட்டேன். ஆறு வருஷம் அங்கே கிடந்துவிட்டு வந்தவன் நான்.

அவள் முகத்தில் ஓர் அசைவும் இல்லை. “போறதுன்னா போங்க. ஏர்போட்டுக்கு வேன் நானே பேசித் தர்றேன்.”

அந்தப் பேச்சு உள்ளுக்குள் குத்திக்கொண்டே இருந்தது. நான் இருந்தாலும் போனாலும் இவளுக்கு ஒன்றுதானா?

காய் என்னவோ பருத்துக்கொண்டுதான் வந்தது. ஆனால் அறுவடை நெருங்கும்போது ஒருநாள் கொடிக்கடியில் பரப்பியிருந்த வைக்கோலை விலக்கிப் பார்த்தேன். போட்ட குருணை போட்டபடியே கிடந்தது. ஒன்றுகூடக் கரையவில்லை. இனி எங்கே பழத்தில் இனிப்பு ஏறப்போகிறது?

துஷானியிடம் சொல்லவா முடியும்? அவள் மகளைப் பள்ளிக்கூடத்தில் விடப் போகும் நேரம் பார்த்து, குந்தி உட்கார்ந்து நசுக்கினேன். ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் தெறித்தது. நேற்றுப் பார்த்தால், நான் தொடாத வரிசையிலும் குருணை தட்டையாகக் கிடந்தது.

எலியோ என்று பயந்துதான், இன்று கண்டிக்குப் போய்விட்டுத் திரும்பி, பஸ்ஸை விட்டு இறங்கிய இடத்திலேயே நின்று அரூஸ் நானாவைக் கூப்பிட்டேன்.

“எலி அதத் தின்னுமா தம்பி? போய் ஒரு பழத்த வெட்டிப் பாருங்க” என்று வைத்துவிட்டார்.

நேரே தோட்டத்துக்குப் போய், வேலியோரம் பாரமாக ஒன்றைப் பறித்தேன். கத்தி பட்டதும் படாரென்று தானே பிளந்துகொண்டது. உள்ளே நல்ல சிவப்பு. ஒரு துண்டை வாயில் போட்டேன். சீனி தோற்றது.

அப்பாடா! கத்தாரும் வேண்டாம், ஒரு மண்ணாங்கட்டியும் வேண்டாம்.

பாதிப் பழத்தைத் தூக்கிக்கொண்டு, அவள் மூஞ்சிக்கு நேரே நீட்டவேண்டும் என்று வீட்டுப்பக்கம் நடந்தேன்.

கடைசி வரிசையில் ஒரு முதுகு தெரிந்தது. தலையில் துவாயைப் போட்டுக்கொண்டு துஷானி குந்தியிருந்தாள்.

வைக்கோலை விலக்கினாள். ஒரு குருணையை எடுத்தாள். கட்டைவிரலால் நசுக்கினாள். அடுத்ததை எடுத்தாள்.

“கரைஞ்சு தொலையேன் சனியனே. நீ கரையலன்னா அந்த மனுசன் பிளேன் ஏறிருவாரு.”

ஒவ்வொரு குருணைக்கும் அதே ஏச்சு. குரல் தழுதழுத்துக்கொண்டிருந்தது.

வேன் பேசித் தருகிறேன் என்றவள்!

பழத்தை வைக்கோலுக்கடியில் மறைத்தேன். அதே வரிசையின் இந்த முனையில் குந்தி, ஒரு கூட்டை எடுத்து நசுக்கினேன்.

அவள் திரும்பினாள். கை அப்படியே நின்றது.

“இன்னும் எத்தன வரிச இருக்கு?” என்றேன்.

“மூணு” என்றாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. “பாத்துக்கிட்டு இருக்காம நசுக்குங்க.”