தொண்ணூற்று மூன்று டிகிரி

"அழிச்சிட்டு நூறுன்னு எழுதும்மா," என்றார் கோடை அறிவியல் முகாமின் பயிற்சியாளர்.

"மாட்டேன் சார். என் தண்ணி தொண்ணூத்திமூணு டிகிரியிலயே கொதிச்சிடுச்சு," என்றாள் மாணவி.

"மூணு தடவை தெர்மாமீட்டரை மாத்தியாச்சு. மத்த எல்லாரும் நூறுன்னுதானே எழுதியிருக்காங்க? உனக்கு மட்டும் தனித் தண்ணியா?"

"அவங்க புத்தகத்தைப் பார்த்து எழுதினாங்க சார்."

"வாய் நீளுது! சான்றிதழ் வேணுமா, வேண்டாமா?"

"நீங்களே வச்சுக்குங்க."

எழுந்து போய் ஜன்னல் திரையை விலக்கினாள். மேகங்கள் வெகு கீழே மிதந்தன.

"புத்தகத்துல இருக்கிறது கடல் மட்டத்துக் கணக்கு. நாம ஏழாயிரம் அடி மலை மேல இருக்கோம். இங்க குறைஞ்ச சூட்டுலயே கொதிக்கும்."

பின்வரிசைகளில் அவசரமாக ரப்பர் தேய்க்கும் சத்தம் கேட்டது.

அவள் சட்டென்று திரும்பினாள்.

"அழிக்காதீங்க! முதல்ல அடுப்பைப் பத்த வைங்க."