கம்பெனி கார்டு

மேலாளர் போட்ட சத்தத்தில் கீழ்மாடியில் பூட்டிக் கிடந்த கடையின் ஷட்டரே தானாகத் திறந்துகொண்டது.

"ஏம்மா, மெயில்ல வர்ற லிங்க்கைத் தொடாதேன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க சார்." காசாளர் அழுத கண்ணீரில் கீபோர்டு மிதந்தது. "கம்பெனி கார்டு முடங்கப் போகுதுன்னு போட்டிருந்தது. தொட்ட உடனே ஒருத்தர் போன் பண்ணி, 'பதறாதீங்க சகோதரி, நான் இருக்கேன்'னாரு. என் வீட்டுக்காரர்கூட இவ்வளவு தன்மையாப் பேசினதில்ல சார். ஓடிபி கேட்டாரு, கொடுத்துட்டேன்."

"எந்த பேங்க்காரன்ம்மா போன் பண்ணி ஓடிபி கேப்பான்? பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியுமே!" மேலாளர் தலையில் அடித்துக்கொண்டார். "இந்த மாசச் சம்பளம் மொத்தமும் அந்தக் கார்டுல இருந்தது. வழிச்சுத் தொடச்சுட்டானே!"

நேற்றுத்தான் வேலைக்குச் சேர்ந்தவர் மெல்ல எழுந்தார். "சார், போலீஸ்ல ஒரு புகார் கொடுத்துடலாமா?"

ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியே ஒரு நொடி நின்று அவரைத் திரும்பிப் பார்த்தது. மேலாளர் ஒரு குடம் தண்ணீரைக் குடித்து முடித்தார்.

"நீ உட்காருப்பா."

பிறகு காசாளரிடம் திரும்பினார். "போன பணம் சாயங்காலத்துக்குள்ள வந்தாகணும். இல்லேன்னா நாளையிலேர்ந்து நீ வீட்டோட இருந்துக்கோ."

"எப்படி சார் வரும்?"

"தினமும் எப்படி வருதோ, அப்படித்தான்!"

காசாளர் மூக்கைச் சிந்தி, முகத்தைத் துடைத்து, ஹெட்செட்டை மாட்டிக்கொண்டார். மறுமுனையில் யாரோ எடுத்ததும் அவர் குரலில் தேன் வழிந்தது.

"வணக்கம் சார், பேங்க்லேர்ந்து பேசறேன். உங்க போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும் பாருங்க, அதைக் கொஞ்சம் சொல்றீங்களா?"