பிரேம்குமாரின் பக்கம்

சுவரில் பிரேம்குமாரின் இணையதளம் விரிந்ததுமே நஸ்லினுக்கு வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது.

ரெட்டியார்பாளையத்தில் டயர் கடைக்கு மேல் மாடியில் இருக்கிற பயிற்சி மையம் அது. வெப் டிசைன் வகுப்பின் கடைசி நாள். பதினான்கு மாணவர்களும் தங்களைப் பற்றிச் செய்திருந்த இணையதளங்களைப் புரொஜெக்டரில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார் நிர்மலாதேவி. கடைகளுக்கும் விடுதிகளுக்கும் இணையதளம் செய்துகொடுக்கிற ஒரு சின்ன கம்பெனியை நடத்துகிறவர். பதினான்கு பேரில் அவருக்கு வேண்டியது ஒரே ஒரு ஆள்.

அந்த ஒரு ஆள் தான்தான் என்று ஆறு மாதமாக வீட்டில் சொல்லிவைத்திருந்தாள் நஸ்லின். இல்லையென்றால் திங்கட்கிழமையிலிருந்து மாமாவின் ஜெராக்ஸ் கடையில் ஆதார் அட்டைக்குப் பிரதி எடுக்க வேண்டும். மாமா அவளுக்கென்று நாற்காலிகூட வாங்கிப் போட்டுவிட்டார்.

தன் இணையதளத்தின் கோடிங்கில் ஒவ்வொரு வரியையும் கையால் எழுதியவள் அவள். ஒரு பட்டனை நடுவில் கொண்டுவந்து நிறுத்த முடியாமல் இரண்டு நாள் சோறு இறங்காமல் கிடந்திருக்கிறாள்.

பிரேம்குமாருக்கு அந்தக் கஷ்டமெல்லாம் கிடையாது. கனகசெட்டிக்குளத்தில் பஸ் ஏறும்போது போனை எடுப்பான். ஆன்லைனில் ஏதோ ஒரு டூல். டெம்ப்ளேட்டைத் தேர்ந்தெடுத்து, படத்தை இழுத்துப் போட்டு, வாசகத்தை ஏ.ஐ.யிடம் கேட்டு வாங்கிக்கொண்டால் பஸ்ஸை விட்டு இறங்கும்போது இணையதளம் தயார்.

இதற்கு எதற்கு ஆறு மாதப் படிப்பு? எதற்கு சர்டிபிகேட்?

இப்படியே போனால் நாளைக்குக் கடைக்காரரே தன் கடைக்கு இணையதளம் செய்துகொள்வார், நம்மை யார் கூப்பிடப்போகிறார்கள் என்று நஸ்லின் பலமுறை நினைத்துப் பயந்திருக்கிறாள். அதுகூடப் பரவாயில்லை. அந்தத் துறையில் எல்லாருக்கும் இருக்கிற பயம்தான்.

அவளால் பொறுக்க முடியாதது வேறு. அவனுடையது அழகாக இருந்தது.

போன வாரம் வரைக்கும் பச்சையாக இருந்த பட்டனை நீலமாக்கியிருந்தான். புதன்கிழமை முகப்பிலிருந்த அவன் ஊர் மீன்வலைப் படத்தைத் தூக்கிவிட்டு, வெள்ளைச் சட்டையில் தன் படத்தைப் போட்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை பார்த்தால் மறுபடியும் வலை. வலைதான் சரி என்று அவளுக்கே பட்டது. அதனால் இன்னும் எரிந்தது.

அடுத்து நஸ்லினுடையது வந்தது. நிர்மலாதேவி உள்ளே இருந்த கோடிங்கைத் திறந்து கீழ்வரைக்கும் படித்துக்கொண்டே போனார்.

“யாரும்மா எழுதுனது? கண்ணுல ஒத்திக்கலாம் போல இருக்குது.”

நஸ்லின் ஓரக்கண்ணால் பிரேம்குமாரைப் பார்த்தாள். அவன் முகம் சுருங்கிப்போயிருந்தது. அவளுக்கு உள்ளே குளுகுளுவென்றிருந்தது. ஐயோ பாவம் என்றெல்லாம் தோன்றவில்லை. மனதுக்குள் மாமாவின் நாற்காலியைத் திருப்பிக் கொடுத்தே விட்டாள்.

கடைசியாக ஒன்றே ஒன்று என்று சொல்லி, ஒவ்வொரு இணையதளத்துக்கும் எத்தனை பேர் வந்தார்கள் என்ற கணக்கைத் திறந்தார் நிர்மலாதேவி.

நஸ்லினுக்கு ஒன்பது பேர். மற்றவர்களுக்கும் அப்படி இப்படித்தான். அம்மா, அக்கா, அத்தை மகன்.

பிரேம்குமாருக்கு இரண்டு மாதமாக, நாள் ஒன்றுக்கு நாற்பது புதிய ஆட்கள். அத்தனை பேரும் புதுச்சேரிக்குள்ளேயே.

நிர்மலாதேவி நாற்காலியை அவன் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

“கஸ்டமர் நம்மகிட்ட கேக்குறதே இதத்தான்பா. கோடிங்க நாங்க கத்துக் குடுத்துடுவோம், ஜனத்த வர வைக்கிறதுதான் யாருக்கும் வரல. நீ எப்பிடிப்பா வர வச்ச?”

பிரேம்குமார் திருதிருவென்று விழித்தான். உண்மையிலேயே அவனுக்குத் தெரியாது. அவர் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார். அவனை அவருக்கு இன்னும் பிடித்துப்போயிற்று. திங்கட்கிழமை ஒன்பதரைக்கு வந்துவிடச் சொன்னார்.

வகுப்பே கைதட்டியது.

நஸ்லின் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாள்வாரியாகப் போட்ட வரைபடம். எல்லா நாளும் உயரமாகவே ஓடிய கோடு இரண்டே இடங்களில் தரையைத் தொட்டிருந்தது. ஒன்று, பக்ரீத். இன்னொன்று, அவள் காய்ச்சலில் போனைத் தொடாமல் கிடந்த மூன்று நாட்கள்.

அவன் பக்கத்தை அவள் எப்போதும், பார்த்த தடமே தங்காத இன்காக்னிட்டோவில்தான் திறப்பாள். தான் பார்ப்பது யாருக்கும் தெரிந்துவிடக் கூடாது. பார்ப்பாள், மூடுவாள், பத்து நிமிடம் பொறுக்காது, மறுபடி திறப்பாள். அப்படித் திறந்தால் ஒவ்வொரு முறையும் கணக்கில் புது ஆளாகத்தான் ஏறும். பாடத்தில் வந்த விஷயம். தேர்வில் அந்தக் கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கியவள் அவள்.

எழுந்து நின்றாள்.

கைதட்டல் அடங்கிவிட்டது. பதின்மூன்று முகங்களும் அவள் பக்கம் திரும்பின. ஏதாவது சொல்லணுமா என்று நிர்மலாதேவி கேட்டார்.

ஒரே ஒரு வாக்கியம் போதும். நாற்பது பேரும் காணாமல் போய்விடுவார்கள். வேலை அவளுக்கு வந்துவிடும்.

ஆனால், ஒரு பெண் ஒருவனுடைய பக்கத்தை நாளுக்கு நாற்பது தடவை பார்த்தது பொறாமையில்தான் என்று சொன்னால் இந்த வகுப்பில் ஒருவராவது நம்புவார்களா?

எல்லாரும் தட்டி முடித்த பிறகு, நஸ்லின் தனியாகக் கைதட்டினாள்.